கொலுசுக்கு மட்டும் சலங்கை: இன்டர்ஃபேஸில் வைப்பதா, கிளாஸைக் கேட்பதா?

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிப் பட்டறைக்கு ஜாவாவில் கணக்கு புரோகிராம் எழுதினேன். கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாமே 'வெள்ளிப்பொருள்' என்ற இன்டர்ஃபேஸுக்குள் (எந்தெந்த மெத்தட் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம்) அடக்கம். எடை, டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி), கூலி என்று மூன்றே மெத்தட். 100 கிராம், 70 டச் என்றால் சுத்த வெள்ளி 70 கிராம். பில் போடும் லூப்புக்கு எது கொலுசு, எது மெட்டி என்று தெரியவே வேண்டாம்.

"சலங்கை கோக்குறவங்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி தம்பி, அது தனியா வரணும்" என்றார் பட்டறைக்காரர். மெட்டிக்கு ஏது சலங்கை?

சலங்கை எண்ணிக்கையை இன்டர்ஃபேஸிலேயே போட்டுவிடலாம். ஜாவா 8-இல் (2014) வந்த டிஃபால்ட் மெத்தடால் (இன்டர்ஃபேஸே தரும் பொதுப் பதில்) 0 என்று ஒரே இடத்தில் எழுதினால் முடிந்தது. மெட்டிக்கு 0 சலங்கை என்பது பொய்யும் இல்லை. 'சலங்கைமாற்று' என்று ஒரு மெத்தட் வரும்போதுதான் சிக்கல். மெட்டி அங்கே சும்மா இருந்தால் தப்பு மறைந்துபோகும். எக்ஸெப்ஷன் எறிந்தால் ஓடும்போதுதான் தெரியும். ஜாவாவிலேயே இந்தக் கோளாறு உண்டு: லிஸ்ட்.ஆஃப் தரும் மாற்ற முடியாத லிஸ்டில் ஆட் கூப்பிட்டுப் பாருங்கள், கம்பைலர் வாயே திறக்காது, ஓடவிட்டால் விழும்.

நான் முதலில் பிடித்தது இன்ஸ்டன்ஸ்ஆஃப், அதாவது ஒரு பொருள் இன்ன வகையா என்று ஓடும்போது கேட்பது. 'இது கொலுசா?' என்று பில், கூலி, ஸ்டாக் என மூன்று இடத்தில் கேட்டேன். பிறகு சலங்கை வைத்த குழந்தைக் காப்பு வந்தது. இரண்டு இடத்தில் திருத்தினேன், கூலியில் மறந்தேன். அந்த வாரம் காப்புக்குச் சலங்கை கோத்த அக்காவுக்குப் பணம் குறைந்தது. நோட்டில் எழுதி வைத்திருந்தார், அதனால் பிடிபட்டது.

வகைகள் இனி அதிகரிக்காது என்றால் ஜாவா 17-இன் ஸீல்ட் (இன்னின்ன வகை மட்டுமே என்று பூட்டுவது) போட்டு, 21-இன் ஸ்விட்சில் 'மற்றதெல்லாம்' என்ற டிஃபால்ட் கிளை இல்லாமல் எழுதலாம். விட்டுப்போன வகையைக் கம்பைலரே காட்டிக்கொடுக்கும். மாடல் கூடிக்கொண்டே போகும் பட்டறைக்கு அது தோதுப்படாது.

கடைசியில் 'சலங்கையுள்ளது' என்று குட்டி இன்டர்ஃபேஸ் ஒன்று. கொலுசும் காப்பும் இரண்டு இன்டர்ஃபேஸையும் ஏற்கும். கலந்த லிஸ்டில் இப்போதும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் வேண்டும்தான், ஆனால் கேட்பது பெயரை அல்ல, சலங்கை உண்டா என்பதை. சலங்கைக் கூலி போடும் தனி மெத்தடோ சலங்கையுள்ளவற்றை மட்டுமே வாங்குகிறது. மெட்டியைக் கொடுத்தால் கம்பைலே ஆகாது.

பழுது பார்க்கும் திரையில் மட்டும் வேரியபிளின் வகை நேராகக் 'கொலுசு' என்றே. அங்கே வருவது கொலுசு மட்டும்தான், எதற்கு இன்டர்ஃபேஸ்?