செய்து முடிக்காத கேமுக்கு முன்கூட்டியே காசு: எந்த வழி நமக்குச் சரிவரும்?

அக்கா மகன் ஹட்டனில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறான். போன மாதம் எனக்கு ஒரு மெசேஜ் போட்டான். "மாமா, ஒன்லைன் கேம் ஒன்னு முப்பது டொலருக்கு விடுறாங்க. இன்னும் முடியல, டெஸ்டிங்லதான் இருக்கு. இப்ப வாங்கவா, பொறுத்து இருக்கவா?" கேமின் பெயர் இங்கே முக்கியமில்லை, எந்தக் கேமுக்கும் பொருந்துகிற கேள்விதான்.

முப்பது டொலர் நம் இலங்கைக் காசுக்குக் கிட்டத்தட்ட 9000 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த, நாளொன்றுக்கு 1350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தால், அவன் அம்மா தேயிலை மலையில் நின்று ஏழு முழுப்பேர், அதாவது ஏழு முழு நாள் சம்பளம், வாங்கினால்தான் அந்தத் தொகை வரும். அவன் சொந்த உழைப்புக் காசுதான், இருந்தாலும் சும்மா "வாங்கு" என்று சொல்லிவிட மனம் வரவில்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

முதல் வழி, கேம் செய்கிறவர்களின் வெப்சைட்டிலேயே நேராகக் காசு கட்டுவது. ஃபவுண்டர் பேக், அல்ஃபா கீ (அல்ஃபா என்ற முதல் கட்ட டெஸ்டுக்குள் போகும் குறியீடு) என்று பெயர் வைத்து விற்பார்கள். கட்டுகிற காசுக்கு ஏற்ப எவ்வளவு சீக்கிரம் உள்ளே விடுவார்கள் என்பது மாறும். லாண்ட்மார்க் என்ற கேமின் 2014 டெஸ்டுக்கு 20, 60, 100 டொலர் என மூன்று பேக் விற்றார்கள். அல்ஃபா வேண்டுமென்றால் 60 அல்லது 100 கட்ட வேண்டும், 20 கட்டியவர்களுக்கு அதற்கு அடுத்த கட்டமான பீட்டாதான். அது எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட் என்ற பெரிய கேமோடு கைகோத்து வந்தது. 2016 மார்ச்சில் அந்தப் பெரிய கேமையே கைவிட்டார்கள். லாண்ட்மார்க் மட்டும் அதே ஆண்டு ஜூனில் சுமார் 10 டொலருக்கு வெளியானது, 2017 பெப்ரவரியில் சேர்வரை மூடினார்கள். 100 டொலர் கட்டியவர் கையில் இன்று திறந்து பார்க்கக்கூட ஒன்றுமில்லை. ஒன்லைன் கேமில் இதுதான் என்னை உறுத்துவது. சேர்வர் அவர்களிடம் இருக்கும்வரைதான் நம்மிடம் கேம் இருக்கிறது.

ஸ்டார் சிட்டிசன் என்ற கேம் இன்னொரு விதம். 2012இல் மக்களிடம் காசு திரட்டத் தொடங்கி, 2014இல் முடிப்பதாகச் சொன்னார்கள். 70 கோடி டொலருக்கு மேல் சேர்ந்த பிறகும் அது அல்ஃபாவிலேயே நின்றது. விளையாட முடிகிறது, ரசிப்பவர்களும் நிறைய. ஆனால் 2012இல் காசு கட்டிய ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு இப்போது குடும்பமே ஆகியிருக்கும்.

நானும் ஒருமுறை இந்த வழியில் போனேன். நாற்பது டொலர் கட்டி ஒரு கீ வாங்கினேன். சேர்வர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் மட்டும். டெஸ்ட் அங்கே குளிர்காலத்து இரவு ஏழு மணிக்குத் திறந்தால் இங்கே விடிந்து காலை எட்டரை, நான் வேலைக்குப் போகிற நேரம். போயா லீவு ஒன்றில்தான் உட்கார முடிந்தது. எங்கள் வீட்டில் டவர் தெரிவது பின்பக்க ஜன்னலில் மட்டும். அங்கேதான் ரௌட்டரை வைத்து, சாரல் படாமல் பொலித்தீன் சுற்றியிருக்கிறோம். அப்படியும் பிங் (சேர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம், மில்லிசெக்கனில்) 280க்குக் கீழே இறங்கவில்லை. நான் வாளை வீசும்போது எதிரே நின்ற மிருகம் ஏற்கெனவே இரண்டு அடி தள்ளிப் போயிருக்கும், என் வாள் வெறும் காற்றில் போகும். அந்த ஒரு மணி நேரம் முழுக்க அதே கதை. காசைத் திருப்பிக் கேட்டேன், டெஸ்ட் கீக்குத் திருப்பித் தரமாட்டோம் என்று பதில் வந்தது. நமக்குக் கிட்ட, சிங்கப்பூரில் சேர்வர் உண்டா என்று காசு கட்டுமுன் கேட்டிருக்க வேண்டும். நம் ஊரிலிருந்து விளையாடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

இரண்டாவது வழி, ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடையின் ஏர்லி அக்செஸ், அதாவது முடியுமுன்னே விற்று விளையாட விடுவது. 2013 மார்ச்சில் தொடங்கியது. இதுவும் முடியாத கேம்தான், ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் காசைத் திருப்பிக் கேட்கலாம். வரப்போவதை நம்பி வாங்காமல், இன்று இருப்பதைப் பார்த்து வாங்கச் சொல்கிறது அந்தக் கடையே.

இந்த 2 மணி நேரத்தை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். கேம் திறந்திருக்கிற நேரமெல்லாம் கணக்கில் ஏறும். லொகின் வரிசையில் காத்திருப்பதும் அதில் சேரும். சில கேம்கள் ஸ்டீமில் இறங்கிய பிறகு, தங்கள் சொந்த லோஞ்சருக்குள் (கேமைத் திறந்து விடும் மென்பொருள்) இன்னும் பல ஜிபி இறக்கும். ஃபைபர் இருக்கிற கொழும்புக்காரருக்கு அது பத்து நிமிடம். தோட்டத்தில் 4ஜி சிம்மை நம்பியிருக்கிறவருக்கு விளையாடாமலேயே 2 மணி நேரம் போய்விடும். அப்புறம் அப்டேட். டெஸ்டிங்கில் இருக்கும் கேமுக்கு வாரம் தவறாமல் அப்டேட் வரலாம், ஒவ்வொன்றும் டேட்டாவைத் தின்னும். இரவு டேட்டா இல்லாத பெக்கேஜில் இருக்கிறவர் டேட்டாச் செலவையும் கேமின் விலையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஏர்லி அக்செஸில் நல்லபடி முடிந்தவையும் உண்டு. பால்டர்ஸ் கேட் 3, 2020 ஒக்டோபரில் முதல் பாகத்தோடு மட்டும் வந்தது, 2023 ஓகஸ்டில் முழுமையானது. முதலில் 60 டொலர் கொடுத்தவர்களுக்கே முழுக் கேமும் கிடைத்தது. ஆனால் அது தனியாகவும் விளையாடக்கூடியது, சேர்வர் மூடினாலும் கையை விட்டுப் போகாது. டேஇஸட் முழுக்க ஒன்லைன், 2013 டிசம்பரில் வந்து முடிய ஐந்து ஆண்டு எடுத்தது. மோசமாக முடிந்ததும் உண்டு: த டே பிஃபோர் 2023 டிசம்பர் 7ஆம் தேதி வந்தது, அதைச் செய்த நிறுவனமே நாலே நாளில் மூடுவதாக அறிவித்தது. ஸ்டீமில் வாங்கியதால் வாங்கியவர்களுக்குக் காசு திரும்பக் கிடைத்தது. நேராக விற்ற பேக் என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

மூன்றாவது வழி, வாங்காமல் பொறுத்திருப்பது. சில கேமுக்கு இதுதான் நியாயமானதும்கூட. பாத் ஒஃப் எக்ஸைல் 2, 2024 டிசம்பரில் 30 டொலருக்குத் திறந்தது, முழுமையானதும் இலவசம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். 30 டொலர் கட்டியவர்களுக்கு அதே பெறுமதிக்குக் கேமுக்குள் செலவழிக்கும் புள்ளிகளும் கொடுத்தார்கள். நேர்மையான ஏற்பாடு. அப்படியிருந்தும், பிறகு இலவசமாகப் போகிற கேமுக்கு ஏழு நாள் சம்பளத்தை இப்போதே கொடுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஸ்டீமில் பிளேடெஸ்ட் என்று இலவசமாகவும் டெஸ்டுக்குச் சேர்க்கிறார்கள், பட்டனை அழுத்திக் கேட்டால் போதும். உள்ளே விடாவிட்டாலும் நட்டம் ஒன்றுமில்லை.

(முழு விலையும் வாங்கிக்கொண்டு மூன்று நாள் முன்னதாக விளையாட விடுகிற வழி ஒன்றும் உண்டு. மூன்று நாளுக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான்.)

கணக்கை மட்டும் வைத்தால் பொறுத்திருப்பதே மேல், ஃபவுண்டர் பேக் வேண்டவே வேண்டாம். இதைத்தான் அவனுக்கும் எழுதினேன். அவன் திரும்பக் கோல் எடுத்தான். "அது சரி மாமா, ஆனா ஜனவரியில என் கூட்டாளி ஒருத்தன் கட்டாருக்குப் போறான்." அவனோடு கூடப் படித்த இருவரில் ஒருவன் கொழும்பில் கடையில் நிற்கிறான், இன்னொருவன் வெளிநாடு போகிறான். மூவரும் ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்கள். இரவு எட்டு மணிக்கு மூன்று பேரும் ஒன்றாக உட்கார அவர்களுக்குக் கேமை விட்டால் வேறு இடம் இல்லை. இன்னும் ஒரு வருடத்தில் கேம் முடிந்து, விலை குறைந்தே வந்தாலும், அன்று மூவருக்கும் ஒரே நேரம் கிடைக்குமா? இதை நான் கணக்கில் எடுக்கவேயில்லை.

பேச்சை மாற்றினேன். வாங்கு, ஆனால் ஸ்டீமிலேயே வாங்கு என்றேன். மூன்று பேரும் ஒரே நாளில் வாங்குங்கள். சிங்கப்பூர் சேர்வர் இருக்கிறதா என்று முதலில் பார். எல்லாவற்றையும் இரவு டேட்டாவில் இறக்கி முடித்த பிறகே கேமைத் திற. காலையில் போட்டுப் பார்க்காதே, டவரில் நெரிசல் கூடுகிற மாலை ஏழு மணிக்குப் போட்டுப் பார். இடி முழங்கினால் பிளக்கைக் கழற்று. ஒன்றரை மணி நேரத்தில் மூவரும் பேசி முடிவெடுங்கள், பிடிக்காவிட்டால் அன்றே காசைக் கேளுங்கள்.

இறக்கி முடிக்க ஐந்து இரவு எடுத்தது. ஆறாம் நாள் ஏழு மணிக்கு உட்கார்ந்தார்கள். எட்டரை தாண்டியதும் எனக்கு மெசேஜ் வந்தது. "பிங் 80 மாமா. மூணு பேரும் வச்சுக்கிறோம்."