இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும்

வெளிநாட்டு ஆப்பிளை இந்தியாவுக்குள் கொண்டுவர இரண்டு தாள்கள் வேண்டும்: இறக்குமதி அனுமதி, தாவர நலச் சான்றிதழ். செடி, பழங்களோடு பூச்சியும் நோயும் உள்ளே வராமல் தடுக்கும் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அப்படித்தான் சொல்கிறது. பலர் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். அது தப்பு.

இறக்குமதி அனுமதி நம் நாடு தருவது. 'இந்தப் பழம், இந்த நாட்டிலிருந்து, இந்த நிபந்தனைகளோடு வரலாம்', அவ்வளவுதான். பழத்தை அதற்காக யாரும் பார்ப்பதில்லை.

சான்றிதழ் வேறு. ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவரப் பாதுகாப்பு அதிகாரி சரக்கைச் சோதித்த பிறகே கையெழுத்திடுவார். பழத்தின் அறிவியல் பெயர், அளவு, விளைந்த இடம், பூச்சியைக் கொல்லப் புகையூட்டியிருந்தால் அதற்கான மருந்து, நேரம், வெப்பநிலை எல்லாம் அதில் இருக்கும். நான் முதலில் தேடுவது 'கூடுதல் அறிவிப்பு' என்ற கட்டத்தைத்தான். இன்ன பூச்சி இருக்கக் கூடாது என்று இறக்குமதி அனுமதியில் உள்ள நிபந்தனைக்குச் சான்றிதழ் அங்கேதான் பதில் சொல்கிறது.

அப்புறம், இரண்டும் கையில் இருந்தாலும் துறைமுகத்தில் நம் அதிகாரிகளும் சரக்கைச் சோதிப்பார்கள்.