எட்டு மூட்டை நெல்லுக்கு எந்தச் சோதனை?

காலபோக வெட்டு முடிந்து பரந்தன் பக்கம் ஒரு களஞ்சியத்தில் நெல் அடுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொள்வனவுக்கு ஈரலிப்பு எல்லை 14%. முழு அடுக்கின் இடையும் (சராசரியும்) 14 தானா? எழுந்தமானமாக எடுத்த எட்டு மூட்டைகளில் மானி காட்டியவை: 13.7, 13.8, 14.2, 14.3, 14.4, 14.5, 14.7, 14.8.

இடை 14.3, எண்களின் பரவலைக் காட்டும் நியம விலகல் 0.393. அதை 8 இன் வர்க்கமூலத்தால் பிரிக்க இடை எவ்வளவு தளம்பலாம் என்று காட்டும் நியம வழு 0.139. எல்லையை விட்டு விலகிய 0.3 ஐ அதனால் பிரித்தால் 2.16.

இசற் (Z) சோதனைக்கும் ரி (t) சோதனைக்கும் இந்த 2.16 பொதுதான். 5% மட்டத்தில், கூடினாலும் குறைந்தாலும் பார்க்கும் இருவால் சோதனையில், இசற் கேட்பது 1.96, 'இடை 14 தான்' என்ற சூனியக் கருதுகோளைத் தள்ளிவிடும். ஏழு சுயாதீனப் பாகையில் (மூட்டை எண்ணிக்கையில் ஒன்று குறைய) ரி கேட்பது 2.365, தள்ளாது. நியம விலகலையே எட்டு மூட்டையை வைத்துத்தானே மட்டுக்கட்டினோம்? அந்தத் தளம்பலை ரி கணக்கில் எடுக்கிறது, இசற் எடுப்பதில்லை. டப்ளினில் கின்னஸ் வடிசாலையில் வேலை செய்த கொசெற் 1908 இல் புனைபெயரில் எழுதித் தீர்த்தது இந்தச் சிக்கலைத்தான். குடித்தொகையின் (இங்கே முழு அடுக்கின்) நியம விலகல் முன்பே தெரிந்திருந்தால் மட்டும் இசற்றைத் தொடுங்கள். கல்குலேற்றரில் கவனம்: நியம விலகலுக்கு 7 ஆல் பிரிக்காமல் 8 ஆல் பிரிக்கும் பொத்தானை அமத்தினால் 2.16 என்பது 2.31 ஆகிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் ஒருவால் சோதனையில் ரி இன் எல்லை 1.895, அப்போது முடிவு மாறும். 'கூடவா?' என்று மட்டும் கேட்பதானால் அதை மானியைக் குத்த முன்னமே தீர்மானிக்க வேண்டும். விடையைப் பார்த்தபின் வாலை வெட்டுவது களவு.

இனி 14.8 ஐ யாரோ 17.8 என்று எழுதிவிட்டார் என்று பாருங்கள். இடை 14.675 ஆக ஏறுகிறது. ரி யோ 1.46 ஆக விழுகிறது! ஒற்றை மூட்டை நியம விலகலை 1.31 ஆக ஊதிவிட்டது. வில்கொக்சன் சோதனை அசையாது. 14 இலிருந்தான வித்தியாசங்களை அளவுப்படி வரிசைப்படுத்தி, குறைவான பக்கத்து வரிசை எண்களைக் கூட்டினால் முன்பும் 5, இப்போதும் 5. இருவாலுக்கு 3 அல்லது அதற்குக் கீழே வரவேண்டும், எனவே இதுவும் தள்ளாது. ஆனால் பரம்பல் சமச்சீராக இருந்தால்தான் அதன் முடிவு இடையத்துக்கும் (வரிசையின் நடு எண்ணுக்கும்) இடைக்கும் பொருந்தும்.

குறிச் சோதனை ஆறு கூட, இரண்டு குறைய என்று மட்டும் எண்ணும்; இருவால் நிகழ்தகவு 0.289. மானி இல்லாமல் 'காய்ந்தது, காயாதது' என்று மட்டும் தெரியும் இடத்துக்கு அது போதும்.

என் தெரிவு ரி தான், முதலில் எண்களைப் புள்ளியாக ஒரு கோட்டில் குறித்துப் பார்த்துவிட்டு. ஒரே மூட்டையில் எட்டுத் தரம் குத்தியிருந்தால் எந்தச் சோதனையும் உதவாது. அது ஒரு மூட்டையின் கதை. தெருவில் காயவிட்ட நெல்லும் வெட்டு மெசினிலிருந்து நேரே வந்த நெல்லும் கலந்திருந்தால் இரண்டையும் பிரித்தே சோதியுங்கள். 0.3 வித்தியாசத்தை ஐந்தில் நாலு தடவையாவது பிடிக்க, இதே பரவலில் 16 மூட்டையளவு வேண்டும்.