பாஸ்தாவுக்குத் தக்காளி சாஸ்: பூண்டு எண்ணெயா, வெங்காயம் வெண்ணெயா?

இத்தாலிய முறையில் எளிதாகச் செய்யக்கூடிய தக்காளி சாஸ் என்றால் இரண்டு வழிகள் உண்டு. நேப்பிள்ஸ் பக்கத்து மரினாராவுக்கு ஆலிவ் எண்ணெய், பூண்டு, தக்காளி, இருபது நிமிடம் போதும். மற்றதில் வெண்ணெயும் வெங்காயமும் போட்டு முக்கால் மணி நேரம் சிம்மில் விட வேண்டும். எதைச் செய்யலாம் என்பதைக் கையில் இருக்கும் தக்காளிதான் முடிவு செய்யும்.

நால்வருக்கு, அதாவது 400 கிராம் பாஸ்தாவுக்கு, இரண்டிலும் 800 கிராம் தக்காளி. புதுப் பழமானால் 1.2 கிலோ எடுங்கள். தோல், விதை, தண்ணீர் எல்லாம் போக 800 கிராம்தான் நிற்கும்.

மரினாராவில் 4 மேசைக்கரண்டி எண்ணெய், மெல்லிசாகச் சீவிய 4 பெரிய பல் பூண்டு. எண்ணெய் காய்வதற்கு முன்பே பூண்டைப் போட்டுவிட வேண்டும். தாளிக்கிற பழக்கத்தில் புகைய விட்டுப் போட்டால் ஓரம் கருகிக் கசந்துவிடும். அந்தக் கசப்பைப் பிறகு எதைப் போட்டும் எடுக்க முடியாது. விளிம்பு வெளுத்துப் பொன்னிறம் எட்டிப் பார்க்கும்போதே கையால் பிசைந்த தக்காளியையும் ஒரு தேக்கரண்டி உப்பையும் சேர்த்து, மிதமான தீயில் மூடாமல் கொதிக்க விடுங்கள். ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் பிரிந்தால் ஆயிற்று. இத்தாலியத் துளசி கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். நம் வீட்டுத் துளசியைப் போட்டால் கஷாய வாசம் வந்துவிடும்.

வெண்ணெய் சாஸில் வதக்கலே இல்லை. 70 கிராம் உப்பில்லாத வெண்ணெய், உரித்து இரண்டாக அரிந்த ஒரு பெரிய வெங்காயம், தக்காளி, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றி, அவ்வப்போது கிளறி, 45 நிமிடம் கழித்து வெங்காயத்தை எடுத்துவிடுவதுதான் வேலை. பொறுமையில்லாமல் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வதக்கினால் தக்காளித் தொக்கின் சாயல் வந்துவிடும்.

வெண்ணெய் புளிப்பை மழுக்கும், ஆலிவ் எண்ணெய் அப்படியே காட்டிக்கொடுக்கும். அதனால் புளிப்பும் சாறும் மிகுந்த நாட்டுத் தக்காளிக்கு வெண்ணெய் வழிதான் சரி. சதைப்பற்றுள்ள பெங்களூர் தக்காளியில் மரினாரா செய்யலாம், ஆனால் நன்றாகப் பழுத்திருக்க வேண்டும். கடையில் பாதிப் பழமாக வாங்கியதை ஃப்ரிட்ஜில் வைக்காமல் இரண்டு மூன்று நாள் வெளியே விடுங்கள். மரினாராவுக்கு என்னைக் கேட்டால் டின் தக்காளிதான். பழுத்த பிறகு பறித்து அடைத்தது. தோலுரித்த முழுப் பழமாக வாங்குங்கள். துண்டு போட்ட டின்களில் வடிவம் குலையாதிருக்கக் கால்சியம் குளோரைடு சேர்ப்பது வழக்கம், எவ்வளவு கொதித்தாலும் கரையாமல் நிற்கும். நேப்பிள்ஸ் பக்கத்தில் விளையும் பெயர்பெற்ற தக்காளி வகையான சான் மார்சானோவின் பெயர் லேபிளில் இருந்தால் மட்டும் போதாது. 1996 முதல் ஐரோப்பியச் சட்டம் காக்கும் வகைக்கு டிஓபி என்ற பிறப்பிட முத்திரை இருக்கும். அது இல்லாவிட்டாலும் சாஸ் கெட்டுப்போகாது.

புதுப் பழமானால் அடியில் கீறி, கொதிநீரில் அரை நிமிடம் போட்டு, குளிர்ந்த நீருக்கு மாற்றினால் தோல் கழன்றுவரும். பச்சையாக மிக்ஸியில் அடிப்பதுதான் பெரிய தப்பு. காற்று புகுந்து நிறம் வெளிறி ஆரஞ்சாகும். அரைத்ததை அப்படியே வைத்திருந்தால் பழத்தின் நொதிகள் கெட்டித்தன்மை தரும் பெக்டினைச் சிதைத்து, தண்ணீர் தனியாக நிற்கும். கையால் பிசைந்து உடனே சூடேற்றினால் கெட்டி நிலைக்கும். இரும்புச் சட்டியும் அலுமினியமும் புளிப்போடு சேர்ந்து உலோக ருசி தரும். அடி கனமான எவர்சில்வர் போதும்.

கடைசியிலும் புளித்தால்? சர்க்கரை அரைத் தேக்கரண்டி போட்டால் புளிப்பு மறையும், குறையாது. சமையல் சோடா ஒரு சிட்டிகை உண்மையிலேயே குறைக்கும். அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை.

பாஸ்தாவை முழுதும் வேகுமுன், பாக்கெட்டில் சொன்னதற்கு இரண்டு நிமிடம் முன்பே எடுத்து, வேகவைத்த நீர் அரைக் கிண்ணத்தோடு சாஸில் புரட்டுங்கள். அந்த நீரில் உள்ள மாவுச்சத்துதான் சாஸை ஒட்டவைக்கும். வெண்ணெய் சாஸுக்குப் பார்மெசான் சீஸ் துருவலாம், குழல் வடிவப் பென்னே பாஸ்தா அதை நன்றாகப் பற்றிக்கொள்ளும். மரினாராவுக்கு ஸ்பகெட்டி, சீஸ் தேவையில்லை. இரண்டுமே ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். வெண்ணெய் சாஸ் உள்ளே இறுகிப்போகும், சிம்மில் சூடாக்கினால் இளகிவிடும்.