டெரிவேட்டிவ் வக்கீலுக்கு 45,000 ரூபாய்: கொடுத்தது தகுமா?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவனுக்கு வக்கீல் என்றால் செக் பவுன்ஸ் கேஸ், இடத்தகராறு, அவ்வளவுதான். டாலர் விலை மாதிரி ஒன்றைப் பொறுத்து லாப நஷ்டம் மாறுகிற டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களுக்கென்றே தனியாக வக்கீல் இருக்கிறார்கள் என்பது எங்கள் ஆடிட்டர் சொல்லித்தான் தெரியும். டாலர் ஏறி இறங்குவதிலிருந்து தப்பிக்கப் போடும் டீல்களுக்கான ஹெட்ஜிங் லிமிட்டுக்காக பேங்கிலிருந்து ஐஎஸ்டிஏ மாஸ்டர் அக்ரிமெண்ட் (இந்த டீல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒப்பந்தம்) வந்திருந்தது, கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி. "போடறதுக்கு முன்னாடி இவங்ககிட்ட ஒரு தடவை காட்டிடுங்க" என்று ஆடிட்டர் நம்பர் கொடுத்தார்.

அந்த வக்கீல் மேடத்தின் ஆபீஸ் கோயமுத்தூரில் ஒரு மாடி அறை, போர்டு கூடப் பெரிதாக இல்லை. மும்பையில் ஒரு பேங்கின் சட்டப் பிரிவில் உட்கார்ந்து எட்டு வருடம் இதே ஒப்பந்தங்களை பேங்குக்காக எழுதியவர். அப்புறம் சென்னையில், லாரிக் கடன்களை மொத்தமாகச் சேர்த்து டிரஸ்டுக்கு விற்கிற செக்யூரிடைசேஷன் வேலை. கோர்ட்டுக்குப் போய் எத்தனை வருஷம் ஆச்சு மேடம் என்று கேட்டேன். கறுப்பு அங்கி அம்மா வீட்டு பீரோவில் கிடக்கிறதாம்.

அச்சடித்த 14 பிரிவுகளை அவர் புரட்டக்கூட இல்லை. அது உலகம் முழுக்க ஒன்றேதானாம், 1992 பதிப்பா 2002 பதிப்பா என்று மட்டும் பார்த்தார். நமக்கென்று தனியாக நிரப்புகிற பகுதியான, பின்னாலிருந்த ஷெட்யூலுக்கு நேராகப் போய் ஒரு வரியில் பென்சிலை வைத்தார். கிராஸ் டீஃபால்ட். அதில் என் தம்பியின் சாயப்பட்டறை பெயரும் இருந்தது, தொகை வரம்பு என்ற இடத்தில் பூஜ்யம். அதாவது தம்பி வேறு ஏதோ ஒரு பேங்கில் வாங்கிய கடனில் ஒரு தவணை தவறினால்கூட, இங்கே என் டீல்கள் அத்தனையையும் ஒரே நாளில் முடித்து, அன்றைய மார்க்கெட் விலையில் கணக்குப் போட்டு, மொத்தமாக எடுத்து வை என்று கேட்கலாம். நான் அந்தப் பக்கத்தை மூன்று முறை பார்த்திருந்தேன், ஸ்டிக்கர்தான் கண்ணில் பட்டது.

பேங்கோடு அவரே பேசி தம்பி பெயரை எடுக்க வைத்தார், வரம்பை 50 லட்சமாக்கினார். பணம் கட்டத் தவறினால் 2002 பதிப்பில் ஒரு வேலைநாள்தான் அவகாசம், பழைய 1992 பதிப்பில் மூன்று நாள். அந்த மூன்று நாளைக் கேட்டுப் பார்த்தார், பேங்க் மசியவில்லை.

இந்தப் பயம் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 2007இல் டாலர் 40 ரூபாய்க்குக் கீழே இறங்கியபோது, செலவே இல்லாத ஸ்கீம் என்று சொல்லி விற்றதை நம்பி நிறையப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். செலவில்லாமல் போனதற்குக் காரணம், நாமே பேங்குக்கு ஆப்ஷன் எழுதிக் கொடுத்ததுதான், அதாவது விலை எதிராகப் போனால் நஷ்டம் நம் தலையில். அதில் பல ஸ்கீம்கள் டாலருக்கு எதிரான ஸ்விஸ் ஃபிராங்க் விலையோடு கட்டியவை; டாலரில் பனியன் விற்கிறவனுக்கும் ஸ்விஸ் ஃபிராங்குக்கும் என்ன சம்பந்தம்? 2008 மார்ச்சில் டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே போனது, எங்கள் தெருவிலேயே ஒரு யூனிட் மூடியது. இந்த மாதிரி ஒப்பந்தம் சூதாட்டம், செல்லாது என்று ராஜஸ்ரீ சுகர்ஸ் என்ற சர்க்கரைக் கம்பெனி ஆக்சிஸ் பேங்குக்கு எதிராக வாதாடியதை சென்னை உயர் நீதிமன்றம் அதே 2008இல் ஏற்கவில்லை. டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக ரிசர்வ் வங்கி 2011இல் 19 பேங்குகளுக்கு அபராதம் போட்டது, ஆளுக்கு 5 முதல் 15 லட்சம். நம்மாட்கள் இழந்ததோடு பார்த்தால் டீச்செலவு.

சரி, குறைகள். மணிக்கணக்கில் சார்ஜ், கூடவே ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜில் நாமே கட்ட வேண்டும். ஆறு பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு நோட் அனுப்பினார், அதை எனக்குப் புரிய வைக்க இன்னொரு அரை மணி, அதற்கும் பில். வாட்ஸ்அப்பில் கேட்டால் பதிலே வராது. டாலர் ஏறுமா இறங்குமா என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டார், அதற்கு வேறு ஆளைப் பாருங்கள் என்கிறார். (இது குறையா என்பதில் எனக்கே சந்தேகம்.)

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். இன்ன தேதிக்கு இன்ன விலை என்று டாலரை முன்பே பேசி வைக்கிற ஃபார்வர்டு மட்டும் எப்போதாவது போடுகிறவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. ரேஷியோ, நாக்-இன், ஜீரோ காஸ்ட் என்று சிக்கலான ஆப்ஷன் ஸ்கீம்களை பேங்க்காரர் பேச ஆரம்பித்தால் பேப்பரை எடுத்துக்கொண்டு இவரிடம் கிளம்புங்கள். சனிக்கிழமை காலையில் போனால் கார் நிறுத்த இடம் கிடைக்கும்.