கொதிப்பை நிலைநிறுத்த நீராவியா, பின்னூட்டமா?

செட்டிநாட்டுச் சமையற்கட்டில் தோசைக் கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஆச்சிமார் அதன்மேல் நீர் தெளிப்பார்கள். நீர் சுரீரென்று வற்றினால் கல் பதத்தில் இருக்கிறது. முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது, விறகைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். முத்துகளுக்கு அடியில் ஆவிப் படலம் படர்ந்துவிடுவதால், கல்லின் சூடு ஏறியும் நீருக்குள் போகும் வெப்பம் குறைகிறது.

கொதிகலனிலும் மின்சூடேற்றியிலும் இதே சிக்கல்தான். வளிமண்டல அழுத்தத்தில் கொதிக்கும் நீரில், பரப்பின் வெப்பநிலை 100 டிகிரியைவிடச் சுமார் 30 டிகிரி கூடுதலாகும்போது, வெப்பப் பாய்வு (பரப்பிலிருந்து நீருக்குள் போகும் வெப்பம்) சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 வாட் என்ற உச்சத்தை எட்டுகிறது. அதைத் தாண்டி, குமிழ்கள் ஆவிப் படலமாக மாறத் தொடங்கும் இடைநிலைக் கொதிப்பில் பரப்புச் சூடாகச் சூடாக நீர் வாங்கும் வெப்பம் குறையும். மின்சாரமோ முன்போலவே கொடுத்துக்கொண்டிருக்கும். மிஞ்சும் வெப்பம் உலோகத்திலேயே தங்கி, வெப்பநிலை பல நூறு டிகிரி தாவும். பரப்பின் வெப்பநிலைக்கேற்ப வெப்பப் பாய்வு மாறுவதைக் காட்டும் கொதிப்பு வளைகோட்டை 1934இல் வரைந்த ஜப்பானியர் ஷிரோ நுகியாமாவின் சோதனையில் நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பி இப்படித்தான் எரிந்து அறுந்தது.

உச்சத்துக்குக் கீழேயே இடைவெளி விட்டு இயக்குவது எளிய வழி. பெரும்பாலான ஆலைகளுக்கு அது போதும்.

உச்சத்தை நெருங்கியோ கடந்தோ இயக்க வேண்டியவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. சுவரின் மறுபுறம் நீராவியைக் குளிர்ந்து நீராகச் செய்து, அது விடும் வெப்பத்தால் சூடேற்றினால், சுவர் அந்த ஆவியின் வெப்பநிலையைத் தாண்டவே முடியாது. சுவர் சூடானால் அது பெறும் வெப்பமும் தானாகக் குறைந்துவிடும். பின்னூட்டக் கட்டுப்பாடு இதையே மின்சாரத்தால் செய்கிறது: தெர்மோகப்பிள் என்னும் வெப்பநிலை உணரி காட்டும் அளவு, குறித்த அளவுக்கு மேல் எவ்வளவு கூடியதோ, அதற்கு விகிதமாக மின்திறன் குறைக்கப்படுகிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தால் ஒரே சமன்பாடுதான் வரும் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. வெப்பநிலை ஏறும்போது கொடுக்கும் வெப்பம் குறையும் வேகம், நீர் வாங்கும் வெப்பம் குறையும் வேகத்தை விஞ்ச வேண்டும், நிபந்தனை அவ்வளவே.

வேறுபாடு, கொடுக்கும் வெப்பம் குறையும் அந்த வேகத்தை எது கட்டுப்படுத்துகிறது என்பதில் இருக்கிறது. நீராவி முறையில் சுவரின் வெப்பக் கடத்தலும் ஆவி குளிரும் திறனும் அதற்கு எல்லை வகுக்கின்றன. மேலும், ஆவி 180 டிகிரியில் வேண்டுமென்றால் சுமார் 10 பார் அழுத்தம் தாங்கும் கலன் வேண்டும். பின்னூட்டத்தில் வேகத்தை நாமே கூட்டலாம். ஆனால் தாமதம் குறுக்கே நிற்கும். தடித்த உலோகத்தில், குறித்த வெப்பநிலையிலிருந்து ஏற்படும் பிறழ்வு மெதுவாகத்தான் வளரும் என்றாலும், சூடு அதனூடே பரவும் நேரம் தடிமனின் வர்க்கத்தோடு கூடுகிறது. செம்பில் 1 மில்லிமீட்டருக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு போதும், 1 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 நொடி வேண்டும். தடித்த இரும்புக் கல்லில் விறகை இழுத்த பிறகும் சூடு உடனே தணியாததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பின்னூட்டத்துக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பரப்பின் ஒரு பாதியில் ஆவிப் படலமும் மறுபாதியில் நீர் பரப்பைத் தொட்டுக் குமிழிடும் குமிழ்க் கொதிப்பும் இருக்கும்போதும் சராசரி வெப்பநிலை மாறாமல் இருக்கக்கூடும்; அந்தச் சராசரியை மட்டும் பார்க்கும் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் சரி என்றே கருதும். நீராவியோ சுவரின் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே கட்டுப்படுத்துகிறது. ஆகவே அகன்ற பரப்புக்கு நீராவியையே நான் தேர்வேன். சிறிய, மெல்லிய செம்புச் சூடேற்றியில் கொதிப்பு வளைகோட்டை அளக்க விரும்பும் மாணவர்களுக்குப் பின்னூட்டமே ஏற்றது. அவர்கள் கட்டுப்பாட்டுக் கருவியைத் திருத்தத் தொடங்கும் முன், தெர்மோகப்பிளைக் கொதிக்கும் பரப்புக்கு 1 மில்லிமீட்டருக்குள் பதித்து, மின்சாரத்தைத் துண்டிக்கத் தனியாக ஒரு காப்புச் சுற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும்.