பத்து ரூபாய் டிக்

அலுவலக நண்பர் நேற்று கேட்டார்: "நீங்க எப்பவும் போற அந்த ஏர்லைன்ஸ் நல்ல கம்பெனிதானே? மரம் நடுறாங்க, பள்ளிக்கூடம் தத்தெடுக்கிறாங்களே?" மதுரை–சென்னை வழியில் எட்டு வருடமாக மாதம் ஒரு தடவையாவது அதில்தான் போய் வருகிறேன். ஆனால் கேட்ட நேரம் சரியில்லை. ரத்தான டிக்கெட்டின் பணத்துக்காக அன்று காலைதான் நான்காவது மின்னஞ்சல் போட்டிருந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி. வீல்சேர் கொண்டுவந்த தம்பி, கால்பலகையை இறக்கி, "இதுல வைங்கம்மா" என்று பாதத்தைத் தானே தூக்கி வைத்தார். பாதி வழியில் செருப்பு கழன்று விழ, திரும்பிப் போய் எடுத்து வந்து மாட்டியும் விட்டார். அம்மா ஊர், பேர், கல்யாணம் வரை விசாரித்து முடித்துவிட்டார். இப்படி ஒரு தடவை இல்லை, எட்டு வருடமும் இப்படித்தான். ஆட்கள் தங்கம்.

போன மாதம் வாசலில் டாக்ஸி நிற்கும்போது குறுஞ்செய்தி: "இயக்கக் காரணங்களால் விமானம் ரத்து." எனக்கு எரிச்சல் இந்த ஒரு சொல்லில்தான். முறையாக முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அதை இழப்பீடாகத் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. நிறுவனத்தின் கையை மீறிய காரணம் என்றால் தர வேண்டியதில்லை. அன்று வானம் பளிச்சென்று இருந்தது. கால் சென்டரில் கேட்டேன். என்ன காரணம்? இயக்கக் காரணம். அப்படியென்றால்? இயக்கம் சம்பந்தப்பட்ட காரணம் சார்.

இழப்பீடு கிடக்கட்டும், டிக்கெட் பணமாவது? கிரெடிட் கார்டில் கட்டியதை ஏழு நாளில் திருப்ப வேண்டும். எனக்கு முப்பது நாள் தாண்டிவிட்டது. 2020 ஊரடங்கில் பல நிறுவனங்கள் 'கிரெடிட் ஷெல்' என்று பணத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டிவந்தது ஞாபகம் வந்தது.

மரமும் பள்ளிக்கூடமும் சரிதான். ஆனால் ஓரளவு லாபம் பார்க்கும் நிறுவனம், மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவழிக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டமே சொல்கிறது. சட்டப்படி செய்வதற்குத் தனியாகக் கைதட்ட வேண்டுமா? அதே அக்கறையோடு இந்த ரீஃபண்ட் விதியையும் பார்த்தால் நானே மாலை போடுவேன்.

நண்பரிடம், "சுமார் கம்பெனி, வேற பாருங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு அடுத்த மாதத்துக்கு அதிலேயே டிக்கெட் போட்டேன். அம்மாவும் வருகிறார், அந்தத் தம்பி இருப்பாரா என்று இப்போதே கேட்கிறார். பணம் கட்டும் பக்கத்தில், ஏழைக் குழந்தைகளின் படிப்புக்குப் பத்து ரூபாய் என்று அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். எடுத்துவிட்டேன்.